பாட்டுக் கேட்டு டச்சு படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நெதர்லாந்தில் உள்ள ஐந்தோவனுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. பொங்கல் விழா, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு வாசல், பூங்கா பெஞ்சு என்று எங்கே போனாலும் "நீங்க பாட்டுலயே டச்சு கத்துக்கிட்டீங்களாமே?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பிறகு அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் பேசி அனுப்பி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. டச்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். தொண்டையைச் செருமுவதுபோல் வரும் ஒலிக்கு 'ஃக' போட்டிருக்கிறேன். நம் ஆய்தம் இத்தனை காலம் கழித்து ஒரு வேலைக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

சும்மா பாட்டு கேட்டுக்கிட்டே இருந்தா டச்சு வந்துடுமா?

வராது. நம்மில் எத்தனையோ பேர் இந்திப் பாட்டை அடி பிசகாமல் பாடுவோம். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் இந்தியில் மணி கேட்டால் திருதிருவென்று விழிப்போம். ராகம் வாயில் ஒட்டிக்கொள்ளும், பொருள் ஒட்டாது.

பொருள் தெரிந்து பாடினால் கதை வேறு. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்த சொல், கடைக்காரர் முன்னால் நிற்கும்போது காணாமல் போய்விடும். பாட்டில் படித்த சொல் தனியாக இருப்பதில்லை. முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல் என்று கைகோத்துக்கொண்டு வரும். ஒன்றை இழுத்தால் மூன்று வரும்.

எந்தப் பாட்டுல ஆரம்பிக்கணும்? ரேடியோல வர்ற ஹிட் பாட்டா?

வேண்டாம். குழந்தைப் பாட்டில் ஆரம்பியுங்கள். என் முதல் பாட்டு, மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த கரடிப் பாட்டு. "இக் ஸாஃக் ட்வே பேரன் ப்ரோட்யஸ் ஸ்மேரன்" என்று தொடங்கும். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் கேட்டுவிட்டு, "எந்தப் பேரன்டீ, என்ன பண்ணினான்?" என்றார். 'பேரன்' என்றால் கரடிகள். இக் என்றால் நான், ஸாஃக் என்றால் பார்த்தேன், ட்வே என்றால் இரண்டு. 'ப்ரோட்யஸ் ஸ்மேரன்' என்பது ரொட்டியில் வெண்ணெயோ வேறெதுவோ தடவுவது. ஆக, "இரண்டு கரடிகள் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதைப் பார்த்தேன்". இந்த நாட்டில் காலையில் மதிய டப்பாவுக்குச் செய்யும் வேலையே அதுதான். எங்கள் வீட்டில் இப்போதும் "ப்ரோட்யஸ் ஸ்மேரன் பண்ணியாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த வரிகள்: "ஓ, டாட் வாஸ் அன் வொண்டர்! ட் வாஸ் அன் வொண்டர் போவன் வொண்டர், டாட் டீ பேரன் ஸ்மேரன் கொண்டன்." அது ஓர் அதிசயம், அதிசயத்துக்கு மேல் அதிசயம், அந்தக் கரடிகளால் தடவ முடிந்ததே! கடைசியில் வினைகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். 'ஸ்மேரன்' என்றால் தடவ, 'கொண்டன்' என்றால் முடிந்தது. தமிழில் சொல்லும் அதே வரிசை, அதுவும் வாக்கியத்தின் கடைசியில். வாக்கியத்துக்குள் வாக்கியம் வந்தால் டச்சுக்காரர்கள் வினையைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். வகுப்பில் ஸ்பெயின்காரரும் பிரேசில்காரரும் இதற்காகத் தலையில் அடித்துக்கொண்டபோது எனக்குச் சொந்த ஊர் பஸ்ஸில் ஏறியது போல இருந்தது.

எனக்கு நாப்பத்திரண்டு வயசாகுது. கரடிப் பாட்டா பாடறது?

கதவைச் சாத்திக்கொண்டு பாடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் டச்சுக்காரர் ஒவ்வொருவருக்கும் இந்தப் பாட்டு தெரியும். அதன் கடைசி வரி, "க் ஸ்டொண்ட் எர்பெய் என் இக் கேக் எர்நார்". பக்கத்தில் நின்றேன், பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பொருள். கண்ணெதிரே தப்பு நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தவர்களைக் குத்திக்காட்டப் பெரியவர்களே இந்த வரியை எடுத்துவிடுவார்கள். குழந்தைப் பாட்டு தெரியாதவருக்கு அந்தக் குத்தல் விளங்காது.

சரி, ஒரு பாட்டை எப்படிப் படிக்கறது? வரி வரியா மொழிபெயர்க்கணுமா?

நான் செய்வது இது. ஒரு வரி டச்சில் எழுதுவேன். அதன் கீழே சொல்லுக்குச் சொல் தமிழ், எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி. அதற்கும் கீழே, அதையே நாம் வீட்டில் எப்படிச் சொல்லுவோம் என்று. பிறகு பாட்டிலிருந்து ஒரே ஒரு சொற்றொடரைப் பிய்த்தெடுத்து, அந்த வாரம் முழுக்க வெளியில் புழங்குவேன். மற்றதெல்லாம் தானாக வந்தால் வரட்டும்.

உதாரணத்துக்கு, படகில் போய்த் திரும்பி வராத பேரன்ட் பொட்யெவின் பாட்டு. "பேரன்ட் பொட்யெ ஃகிங் அவ்ட் வாரன், மெட் ஸெய்ன் ஸ்ஃகேப்யெ நார் ஸவ்ட்லாரன்." ஃகிங் என்றால் போனான், வாரன் என்றால் படகில் போவது, ஸ்ஃகேப்யெ என்றால் குட்டிக் கப்பல். ஸவ்ட்லாரன் என்பது வடக்கே ட்ரெந்தெ மாகாணத்தில் உள்ள நிஜ ஊர். "டெ வெஃக் வாஸ் ரெஃக்ட், டெ வெஃக் வாஸ் க்ரொம்." பாதை நேராக இருந்தது, பாதை வளைந்திருந்தது. ரெஃக்ட், க்ரொம் என்ற இரண்டையும் இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டீர்கள். அடுத்து ஒன்று முதல் ஏழு வரை எண்ணிவிட்டு, "வார் இஸ் பேரன்ட் பொட்யெ ஃகெப்லேவன்?" என்று கேட்கும். பேரன்ட் பொட்யெ எங்கேதான் போய்விட்டான்?

நான் பிய்த்தெடுத்தது அந்தக் கேள்வியைத்தான். 'வார் இஸ்... ஃகெப்லேவன்' நடுவில் எதை வேண்டுமானாலும் வையுங்கள். சாவி எங்கே போச்சு, கையுறை எங்கே போச்சு, நான் ஆர்டர் செய்த பார்சல் எங்கே போச்சு. அகராதியில் 'ஃகெப்லேவன்' என்று தேடினால் 'தங்கியது' என்று வரும். அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒருநாளும் சாவியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பொறந்தநாள் விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. அங்க என்ன பாடுவாங்க?

"லாங் ஸல் ஸெ லேவன்" என்று பாடுவார்கள். அவள் நீடூழி வாழ்வாள். பிறந்தநாள் ஆணுடையது என்றால் 'ஸெ' இருக்கும் இடத்தில் 'ஹெய்'. நடுவில் "இன் டெ ஃக்லோரியா" வரும், கடைசியில் "ஹீபெர்டெபீப், ஹுரா!" என்று கையைத் தூக்க வேண்டும். இன்னொரு பாட்டு 'யாரிஃக்' என்ற சொல்லைத் தரும். பிறந்தநாள் கொண்டாடுகிறவர் என்பதற்கு இந்த ஒற்றைச் சொல். "இக் பென் யாரிஃக்" என்றால் இன்று எனக்குப் பிறந்தநாள்.

பாட்டைவிட முக்கியம், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் இருக்கும் அத்தனை பேருக்கும் கை கொடுத்து 'ஃகெஃபெலிசிடேர்ட்' சொல்ல வேண்டும். பிறந்தநாள்காரரின் அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், யாரையும் விடக்கூடாது. முதல்முறை நான் குழந்தைக்கு மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த 'ஃக' எனக்கு வரவே மாட்டேங்குது. பாட்டுல பழகினா வருமா?

'மகள்', 'பகல்' சொல்லுங்கள். நடுவில் வரும் க-வை அழுத்தாமல் விடுகிறீர்களே, அதிலிருந்து கொஞ்சம் பின்னால் போனால் போதும். இங்கே பிராபாந்து, லிம்பர்க் பக்கம் இந்த ஒலி மென்மையானது, நமக்கு எளிது. ஆம்ஸ்டர்டாம் பக்கம்தான் தொண்டையைக் கரகரவென்று அறுப்பார்கள்.

பழக்கத்துக்குத் தாலாட்டு நல்லது: "ஸ்லாப் கிண்ட்யெ ஸ்லாப், டார் பவ்டன் லோப்ட் அன் ஸ்ஃகாப்." தூங்கு குட்டி தூங்கு, வெளியே ஓர் ஆடு நடக்குது. ஸ்லாப் என்றால் தூங்கு, ஸ்ஃகாப் என்றால் செம்மறியாடு. வித்தியாசம் அந்த ஓர் ஒலியில்தான் இருக்கிறது. மெதுவாகப் பாட வேண்டிய பாட்டு என்பதால் நாக்குக்கு நேரம் கிடைக்கும்.

வரியை மொபைல் ஆப்ல போட்டா அபத்தமா வருது. ஏன்?

பெரும்பாலும் பிரிந்து நிற்கும் வினைகள்தான் காரணம். பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் புனிதர் ஸின்டர்க்ளாஸ். டிசம்பர் 5-ஆம் தேதி சாயங்காலம் வரும் அவருடைய விழாவுக்கு முன்னால் ஊரே பாடும் பாட்டு: "ஸீ ஃகின்ட்ஸ் கொம்ட் டெ ஸ்டோம்போட் அவ்ட் ஸ்பான்யெ வேர் ஆன்." அதோ பார், ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பல் மறுபடி வந்து சேருகிறது. ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் யான் ஸ்ஃகெங்க்மன் 1850-இல் வெளியிட்ட புத்தகத்தில்தான் இந்தப் புனிதர் முதன்முதலாக நீராவிக் கப்பலில் வந்து இறங்கினார். வினை 'ஆன்கோமன்', வந்து சேருதல். அதை உடைத்து 'கொம்ட்' என்பதை முன்னாலும் 'ஆன்' என்பதை வரியின் கடைசியிலும் வைத்துவிட்டார்கள். 'கொம்ட்' மட்டும் பார்த்தால் 'வருகிறது', 'ஆன்' மட்டும் பார்த்தால் 'மேல்'. தனித்தனியாகத் தேடினால் கப்பல் எதன்மேலோ ஏறிவிடும்.

எனவே வரியின் கடைசிச் சொல்லை முதலில் பாருங்கள். 'ஆன், அவ்ட், ஒப், மே, தெரூஃக்' மாதிரி குட்டிச் சொல் தொங்கிக்கொண்டிருந்தால், அதைக் கொண்டுபோய் வினையின் தலையில் ஒட்டிவிட்டுப் பிறகு அகராதியைத் திறங்கள். ரயில் நிலைய அறிவிப்புகளிலும் இதே வித்தைதான் நடக்கிறது.

அதே பாட்டுல 'ஸூட்'னா இனிப்புதானே? 'யார் இனிப்போ அவங்களுக்கு மிட்டாய்'னு வருதே?

"வீ ஸூட் இஸ் க்ரெய்ஃக்ட் லெக்கர்ஸ், வீ ஸ்டவ்ட் இஸ் டெ ரூ." ஸூட் என்றால் இனிப்புதான். குழந்தையைச் சொல்லும்போது சமத்து. ஸ்டவ்ட் என்றால் குறும்பு, அடங்காதது. ஆங்கில 'ஸ்டவுட்' நினைவில் குண்டு என்று எடுத்துக்கொண்டால் வம்பு. பள்ளி ஆசிரியை உங்கள் பையனை 'ஸ்டவ்ட்' என்றால் டயட் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. 'ரூ' என்பது குச்சிக்கட்டு, நம் வீட்டுப் பிரம்பு மாதிரி. சமத்துக்குப் பட்சணம், அடங்காப்பிடாரிக்குப் பிரம்பு.

அதற்கு முந்தைய வரியில் 'க்னெஃக்ட்', அதாவது வேலையாள், வருவார். அந்தப் பாத்திரத்துக்கு முகத்தில் கறுப்புப் பூசும் வழக்கத்தைப் பற்றி இந்த நாட்டில் பெரிய சண்டையே நடந்தது. பல ஊர்களில் இப்போது கன்னத்தில் புகைக்கரித் தீற்றல் மட்டும்தான், பாட்டின் சொல்லையும் பல பள்ளிகள் மாற்றிவிட்டன. உங்கள் பிள்ளை வேறு வரி பாடினால் தப்பாகப் பாடுகிறது என்று திருத்தப் போகாதீர்கள்.

எதுக்கெடுத்தாலும் கடைசில 'ட்யெ' 'ட்யெ'ன்னு இழுக்கறாங்களே, ஏன்?

சின்னதாக்கவும் செல்லமாக்கவும். கிண்ட் என்றால் குழந்தை, கிண்ட்யெ என்றால் குட்டிக் குழந்தை. கிக்கர் என்றால் தவளை, கிக்கெர்ட்யெ என்றால் தவளைக்குட்டி. ஆனால் எப்போதும் அளவைச் சொல்வதில்லை. ப்ரோட்யெ சின்ன ரொட்டி இல்லை, நடுவில் ஏதாவது வைத்துத் தின்னும் ரொட்டி. 'பீர்ட்யெ' என்று கேட்டால் முழுக் கோப்பை பியர்தான் வரும்.

இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. ஆங்கில 'the' மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இங்கே 'டெ' அல்லது 'ஹெட்' வரும். 'டெ'யா 'ஹெட்'டா என்று தெரியாத பெயர்ச்சொல்லின் வாலில் 'ட்யெ' ஒட்டினால் ஒருமையில் அது கட்டாயம் 'ஹெட்'. ஏழு வருடமாக நான் பாதி வண்டியை இதில்தான் ஓட்டுகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணம். எங்கட கதையிலயே டச்சுச் சொல் இருக்கெண்டு அப்பா சொல்லுறவர். அது பாட்டு விளங்க உதவுமோ?

அப்பா சொன்னது சரி. 1658 முதல் 1795 வரை உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள், சொற்களை விட்டுவிட்டுப் போனார்கள். கந்தோர், அதாவது அலுவலகம், இங்கே 'கன்டோர்'. நொத்தாரிசு, அதாவது நோட்டரி, இங்கே 'நொடாரிஸ்'. எனக்கு மிகவும் பிடித்தவை போஞ்சியும் லாச்சியும். பீன்ஸைச் சொல்லும் போஞ்சி என்பது 'போன்ட்யெ', மேசை இழுப்பறையைச் சொல்லும் லாச்சி என்பது 'லாட்யெ'. மேலே சொன்ன அந்தச் செல்ல வால் 350 வருடமாக உங்கள் சமையலறையிலும் மேசையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே பாட்டில் 'ட்யெ' வந்தால் உங்கள் காதுக்கு அது புதிதில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. நாம் எல்லோரும் சொல்லும் கக்கூஸும் இவர்களுடைய 'காக்ஹவ்ஸ்'தான். இன்று அது கொச்சை. விருந்துக்குப் போன இடத்தில் 'வேசே' என்று கேளுங்கள், டபிள்யூசி என்ற இரண்டு எழுத்தின் டச்சு உச்சரிப்பு. சொல்ல நம் வாய் கூசும், என்ன செய்வது.

பாட்டுல இருந்து 'டெ', 'ஹெட்' கத்துக்கலாம்னு சொன்னீங்க. ஆனா தாலாட்டுல ஆட்டுக்கு 'டீ' வருதே? எங்க டீச்சர் 'டாட்' வரணும்னு சொன்னாங்க.

உங்கள் டீச்சர் சொன்னதுதான் சரி. "அன் ஸ்ஃகாப் மெட் விட்டெ வூட்யஸ், டீ ட்ரிங்க்ட் ஸெய்ன் மெல்க் ஸோ ஸூட்யஸ்." வெள்ளைக் கால்கொண்ட ஆடு, அது பாலை மெள்ள மெள்ளக் குடிக்கும். ஸ்ஃகாப் என்பது 'ஹெட்' சொல், ஆகவே அதை 'அது' என்று சுட்டப் பாடப்புத்தகப்படி 'டாட்' வர வேண்டும்; 'டீ' என்பது 'டெ' சொல்லுக்கு. தாலாட்டைப் பாடிய பாட்டிகள் பாடப்புத்தகம் பார்த்துப் பாடவில்லை. நம் நாட்டுப்புறப் பாட்டில் ஒருமை பன்மை மயங்குவதில்லையா, அப்படித்தான்.

பாட்டை நம்பி இலக்கணம் எழுதாதீர்கள். சொல்லுக்குப் பாட்டு, 'டெ'க்கும் 'ஹெட்'டுக்கும் அகராதி.

இந்த 'எர்'னா என்ன? வகுப்புல மூணு தடவை கேட்டும் புரியலை.

மூன்று தடவையில் புரிந்தவர் யாருமில்லை. இரண்டு பாட்டு போதும், முக்கால்வாசி தெளிந்துவிடும். முதலாவது, "எர் ஸாட்டன் ஸேவன் கிக்கெர்ட்யஸ்", பண்ணை ஓடையில் ஏழு தவளைக்குட்டிகள் உட்கார்ந்திருந்தன. இங்கே 'எர்'ருக்குப் பொருளே இல்லை. "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு" என்று தொடங்குகிறோமே, அந்தத் தொடக்கத்துக்கான கதவு அது. புதிதாக யாரையோ எதையோ கொண்டுவரும்போது அந்தக் கதவைத் திறப்பார்கள்.

இரண்டாவது, கரடிப் பாட்டின் கடைசி வரி: எர்பெய், எர்நார். இங்கே 'எர்' என்றால் 'அது'. எர்பெய் என்றால் அதன் பக்கத்தில், எர்நார் என்றால் அதை நோக்கி. தமிழில் 'அது' என்பதோடு உருபு ஒட்டி 'அதில், அதற்கு, அதோடு' என்று வருவதுபோல இவர்கள் 'எர்' போட்டு ஒட்டுகிறார்கள். எங்கள் வகுப்பில் இதை ஏன் யாரும் கரடியை வைத்து நடத்தவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

'மார்'னா 'ஆனால்'தானே? அப்புறம் ஏன் எல்லா வாக்கியத்துலயும் சும்மா சும்மா வருது?

80-களின் தொடக்கத்தில் இந்த நாட்டை ஆட்டிவைத்த இசைக்குழுவின் பெயரே 'டூ மார்'. டூ என்றால் செய். அகராதிப்படி 'செய் ஆனால்' என்று வரும், பேத்தல். உண்மையில் அது 'செய்யேன்', 'சரி, அப்படியே இருக்கட்டும்'. செய் என்பதற்கும் செய்யேன் என்பதற்கும் இடையில் அந்த 'ஏன்' என்ன செய்கிறதோ அதைத்தான் 'மார்' செய்கிறது. காபிக் கடையில் "டூ மார் அன் கொஃபி" என்றால் 'ஒரு காபி குடுங்களேன்'.

இன்னும் மூன்று சில்லறைச் சொற்கள் உண்டு. 'ஏவன்' நம்முடைய 'கொஞ்சம்' மாதிரி. "வாஃக்ட் ஏவன்" என்றால் கொஞ்சம் இருங்க. 'டொஃக்' என்றால் 'தானே', 'இல்லையா'. 'ஹோர்' வாக்கியத்தின் வாலில் வரும், நம் 'பா' மாதிரி. "நே ஹோர்" என்றால் 'இல்லப்பா'. தனியாக நின்றால் இவற்றுக்கு எடை கிடையாது, விட்டுவிட்டால் பேச்சு அதட்டலாகக் கேட்கும். பட்டியல் போட்டுப் படிக்கவே முடியாதவை இவைதான். பாட்டில் தாளத்தோடு வருவதால் எங்கே போட வேண்டும் என்று வாய் தானாகக் கற்றுக்கொள்ளும்.

பெரியவங்க பாட்டுக்கு எப்ப போகலாம்? யார் பாட்டு தெளிவா இருக்கும்?

பத்துக் குழந்தைப் பாட்டு முடிந்ததும் போகலாம். நான் சொல்வது விம் ஸொன்னெஃபெல்ட் பாடிய 'ஹெட் டொர்ப்', அதாவது கிராமம். மெட்டு பிரெஞ்சுப் பாடகர் ஜான் ஃபெராவினுடையது. வரிகளை எழுதிய ஃப்ரிசோ வீஃகெர்ஸ்மா, இங்கிருந்து பக்கத்தில் இருக்கும் தன் ஊர் டெர்னெவை நினைத்து எழுதினார். வீட்டில் இருக்கும் ஒரு பழைய படத் தபாலட்டையில் தொடங்கி, ஊர் எப்படி மாறிப்போனது என்று போகும். ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்படி பாடியிருப்பார். அதில் வரும் 'டவ்ன்பாட்' என்ற சொல்லைப் பாருங்கள்: டவ்ன் என்றால் தோட்டம், பாட் என்றால் பாதை, தோட்டப்பாதை. டச்சு நம்மைப் போலவே சொற்களை ஒட்டிக்கொண்டே போகும். நீளமாக இருக்கிறதென்று மிரளாமல் எங்கே வெட்டலாம் என்று பாருங்கள்.

அடுத்து ஆந்த்ரே ஹாஸஸ். ஆம்ஸ்டர்டாமின் டெ பெய்ப் பகுதிக்காரர். 2004-இல் இறந்தபோது கால்பந்து மைதானத்தில் வைத்து விடை கொடுத்தார்கள். ஆல்பர்ட் கெய்ப் சந்தைத் தெருவில் சிலை இருக்கிறது. மதுக்கடை, தனிமை, அம்மா, பிரிந்துபோன மனைவி என்று அழுகாச்சிப் பாட்டுகள். இந்த வகைக்கு 'லேவன்ஸ்லீட்' என்று பெயர், வாழ்க்கைப் பாட்டு. இலக்கிய நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அன்றாடச் சொல்லுக்கு இவரைவிட நல்ல ஆசான் கிடையாது. வருடக் கடைசியில் வானொலி 2 போடும் 'டாப் 2000' நிகழ்ச்சியை நம்பி உட்காராதீர்கள். 1999 முதல் வருகிறது, கொண்டாட்டமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டுதான்.

என் பையன் கேக்கற ராப் பாட்டுல ஒரு வார்த்தைகூட அகராதியில இல்லையே?

அது தெருமொழி. டூக்கு என்றால் பணம், மாட்டி என்றால் கூட்டாளி, ஒஸ்ஸோ என்றால் வீடு, ஃபிட்டி என்றால் தகராறு. இவை தென் அமெரிக்காவில் டச்சுக்காரர் ஆண்ட சுரினாமின் ஸ்ரானன் மொழியிலிருந்து வந்தவை. 1975-இல் சுரினாம் விடுதலை பெற்ற காலத்தில் ஏராளமானோர் இங்கே குடியேறினார்கள், அவர்களோடு சொற்களும் வந்தன. மொராக்கோ அரபியும் கலந்திருக்கும்.

தெரிந்துகொள்ளுங்கள், பேசாதீர்கள். அப்பா 'டூக்கு' என்று சொன்னால் பையன் நாலு நாள் பேச மாட்டான்.

ஒரு பாட்டு பத்து தடவை கேட்டும் ஒண்ணுமே புரியலை. அது டச்சுதானா?

ஒருவேளை இல்லாமல் இருக்கலாம். 'நோர்மால்' குழு கிழக்கே ஆக்டர்ஹூக் பகுதிப் பேச்சில் பாடியது, 1977-இல் வந்த அவர்களுடைய 'ஊரெண்ட் ஹார்ட்' தேசமெங்கும் தெரிந்த பாட்டு. 'ரோவன் ஹெஸெ' லிம்பர்க் பேச்சில் பாடுவார்கள். ஃப்ரீஸ்லாந்தின் பாட்டு என்றால் அது ஃப்ரிசியன், தனி மொழியே. சென்னைத் தமிழ் மட்டும் தெரிந்தவர் நாகர்கோவில் கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்ட கதைதான். காதைக் குறை சொல்லாதீர்கள்.

எங்கள் ஊர் கார்னவல் பாட்டுகளும் அப்படித்தான். அந்த நாட்களில் ஐந்தோவனுக்கே பெயர் மாறி 'லாம்பெஃகாட்' ஆகிவிடும். பிலிப்ஸ் பல்பு செய்த ஊர், அதனால் விளக்குப் பொந்து.

பாட்டுல கத்துக்கிட்ட வார்த்தையைச் சொன்னா ஆபீஸ்ல சிரிக்கறாங்க.

என்னையும் சிரித்தார்கள். பேரன்ட் பொட்யெ பாட்டில் திரும்பி வருவதற்கு 'வேரொம்' என்று வரும். மதியம் வெளியே போகும்போது, "இதோ வேரொம் வந்துவிடுவேன்" என்ற தோரணையில் சொல்லிவைத்தேன். மேசையில் இருந்தவர், "என் கொள்ளுப்பாட்டி அப்படித்தான் சொல்வார்" என்றார். இன்று எல்லோரும் சொல்வது 'தெரூஃக்'. பாட்டிலிருந்து வெளியே எடுக்கும் சொல் உண்டு, பாட்டிலேயே விட்டுவிட்டு வரும் சொல்லும் உண்டு. 'ஃகெய்' என்ற முன்னிலைச் சொல் அப்படி ஒன்று. "வாடர் யாகொப், ஸ்லாப்ட் ஃகெய் நொஃக்?" என்று குழந்தைகள் பாடுவார்கள். ஆம்ஸ்டர்டாமில் அப்படிப் பேசினால் செய்யுள் மாதிரி இருக்கும், எல்லை தாண்டி ஆண்ட்வெர்ப்பனுக்குப் போனால் அது சாதாரணப் பேச்சு.

பழசு என்று தூக்கியெறியவும் கூடாது. "மாக்கர்ஸ், ஸ்டாக்ட் யூ வில்ட் ஃகெராஸ்" என்று இன்னொரு ஸின்டர்க்ளாஸ் பாட்டில் வரும். தோழர்களே, காட்டுக் கூச்சலை நிறுத்துங்கள். மாக்கர்ஸ், ஃகெராஸ் இரண்டும் பரணில் இருக்க வேண்டியவை. ஆனால் நிறுத்து என்னும் 'ஸ்டாக்' இருக்கிறதே, அதிலிருந்துதான் 'ஸ்டாகிங்', வேலைநிறுத்தம். ரயில் நிலையப் பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நான் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

குடியுரிமை வாங்கப் போறேன். தேசிய கீதத்துல 'நான் ஜெர்மன் ரத்தம், ஸ்பெயின் ராஜாவை எப்பவும் மதிச்சேன்'னு வருதே, நான் தப்பா மொழிபெயர்த்துட்டேனா?

தப்பில்லை. 'வில்ஹெல்மஸ்' 16-ஆம் நூற்றாண்டுப் பாட்டு. பாடுவது ஆரஞ்சு இளவரசர் வில்லெம், தன் வாயால் தன் கதையைச் சொல்கிறார். அவர் 1533-இல் பிறந்த டில்லன்பர்க் இன்று ஜெர்மனியில் இருக்கிறது. 'டவ்ட்ஸ்' என்ற சொல் அந்தக் காலத்தில் இன்றைய ஜெர்மனியை மட்டும் குறிக்கவில்லை, இந்தப் பக்கத்து மொழிக்காரர்களையும் சேர்த்துத்தான். ஸ்பெயின் மன்னருக்கு எதிராகக் கிளம்பியவர், நான் ராஜத்துரோகி இல்லை என்று காட்டத்தான் 'மன்னரை எப்போதும் மதித்தேன்' என்கிறார். மொத்தம் 15 சரணங்கள், ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் கோத்தால் அவர் பெயர் வரும். 1932-இல்தான் அதிகாரபூர்வ கீதமானது.

இதில் வரும் 'டென் வாடர்லாண்ட்', 'டென் டோட்' மாதிரி 'டென்' எல்லாம் செத்துப்போன வேற்றுமை உருபுகள். பாடும்போது பாடுங்கள், கடிதத்தில் எழுதாதீர்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது 'அல்டெய்ட்', எப்போதும். அது நாளைக்குக் காலையிலேயே தேவைப்படும்.

பாட்டு படிச்சா பரீட்சை பாஸ் பண்ணலாமா?

கேட்டலுக்கும் பேச்சுக்கும் கை கொடுக்கும். எழுத்துத் தேர்வுக்கு உதவாது. 'அன்புள்ள ஐயா, என் சைக்கிள் திருடுபோய்விட்டது' என்று கடிதம் எழுதச் சொல்வார்கள், அதற்குப் பாட்டு கிடையாது. படித்தலுக்கும் சமூக அறிவுத் தாளுக்கும் தனியாக உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால் பாட்டு நோட்டை மூடிவிட்டு மாதிரி வினாத்தாளைத் திறங்கள்.

எத்தனை பாட்டு படிச்சா போதும்?

என் நோட்டில் 31 இருக்கின்றன. அவற்றில் முழுசாகப் பொருள் சொல்லிப் பாடக்கூடியவை 19. மற்றவற்றில் அங்கங்கே ஓட்டை. இப்போது மகள் ஒரு புதுப் பாட்டு கொண்டுவந்திருக்கிறாள், அதில் இரண்டாவது வரியில் ஒரு 'எர்' இருக்கிறது. கதவும் இல்லை, 'அது'வும் இல்லை. அவளைக் கேட்டேன். "அது அங்க இருக்கணும்மா, இல்லன்னா பாட முடியாது" என்றாள்.